ஹாங்காங் 1997: ‘தேர்தல்’ என்ற ஒரு சொல்லில் தொலைத்த ஏழு மாதம்

ஆறு வாரத்தில் முடித்துவிடலாம் என்று தொடங்கிய வேலை இது. 1997-ல் பிரிட்டன் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைத்த காலத்தில் தேர்தலை வைத்து நடந்த இழுபறியைப் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும், அவ்வளவுதான். ஏழு மாதம் ஆகிவிட்டது. பழைய புத்தகங்கள், ஒளிநகல், தபால் செலவு என்று 11,000 ரூபாய்க்கு மேல் கரைந்தது. இரண்டு வரைவுகள் குப்பைக்குப் போயின. முதல் வரைவில் பிரிட்டன் ஜனநாயகம் கொடுக்க வந்தது, சீனா தட்டிவிட்டது. இரண்டாவதில், ஒன்றரை நூற்றாண்டு ஒன்றுமே செய்யாத பிரிட்டன் போகிற போக்கில் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனது. இரண்டையும் படித்தால் நன்றாகத்தான் இருக்கும். இரண்டுமே ஆவணங்களின் முன் நிற்காது. யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் இவ்வளவு அலைந்திருக்க வேண்டாம் என்ற எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். இந்த விஷயத்தைத் தொட நினைப்பவர்களுக்கு இது உதவும்.

முதலில் 1984 டிசம்பர் 19 அன்று பெய்ஜிங்கில் மார்கரெட் தாட்சரும் ஜாவ் சியாங்கும் கையெழுத்திட்ட கூட்டறிக்கையை எடுங்கள். அதைப் பற்றி எழுதியவர்களை அல்ல, அந்த வாசகத்தையே எடுங்கள். முதல் இணைப்பில், வருங்கால ஹாங்காங்கின் சட்டமன்றம் ‘தேர்தல்கள் மூலம்’ அமையும் என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. ஆட்சித் தலைவர் ‘உள்ளூரில் நடக்கும் தேர்தல் மூலமாகவோ கலந்தாலோசனை மூலமாகவோ’ தேர்ந்தெடுக்கப்பட்டு, மத்திய அரசால் நியமிக்கப்படுவார். அவ்வளவுதான். யார் ஓட்டுப் போடுவது, எத்தனை பேருக்கு ஓட்டு, நேரடியா மறைமுகமா, என்றைக்கு என்று எதுவும் இல்லை. அடுத்த 13 வருடச் சண்டை முழுவதும் இந்த வெற்றிடத்துக்குள்தான் நடந்தது. நான் இதை நான்காவது மாதத்தில்தான் கவனித்தேன். அதுவரை ஒப்பந்தத்தில் ஜனநாயக வாக்குறுதி இருக்கிறது, பிறகு மீறினார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிரிட்டன் ‘தேர்தல்’ என்று படித்துத் தன் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டது. சீனா அதையே வேறுவிதமாகப் படித்தது. இரு தரப்பும் கையெழுத்திட முடிந்ததே அந்தச் சொல் தெளிவில்லாமல் இருந்ததால்தான் என்பது என் கணிப்பு.

இங்கே தமிழ் வேறு காலை வாரிவிடும். ‘தேர்தல் குழு’ என்றும் ‘தெரிவுக் குழு’ என்றும் இரண்டு தனித்தனி அமைப்புகள் வருகின்றன. 1995 சட்டமன்றத்துக்கு 10 பேரைத் தேர்ந்தெடுத்தது தேர்தல் குழு. 1996-ல் முதல் ஆட்சித் தலைவரையும் தற்காலிகச் சட்டமன்றத்தையும் தேர்ந்தெடுத்த 400 பேர் தெரிவுக் குழு. இரண்டையும் ‘தேர்வுக் குழு’ என்று எழுதி ஒரு அத்தியாயம் முழுவதையும் குழப்பிவிட்டேன். முதல் நாளே ஒரு சொற்பட்டியல் போட்டு அதை மீறாமல் எழுதுங்கள். அதே மாதிரி, ஹாங்காங் சட்டமன்றத்தின் ஆங்கிலப் பெயரை (Legislative Council) வைத்து அதை ‘மேலவை’ என்று மொழிபெயர்க்காதீர்கள். 1986-ல் ஒழிக்கப்பட்ட நம்மூர் மேலவையை நினைத்துக்கொண்டு, அப்படியானால் கீழவை எங்கே என்று படிப்பவர்கள் தேடுவார்கள். அங்கே இருந்தது ஒரே அவைதான். ஆனால் அந்தப் பழைய மேலவை வேறொரு விதத்தில் கைகொடுக்கும். அதில் பட்டதாரிகள் தொகுதி, ஆசிரியர்கள் தொகுதி என்று இருந்ததே, ஹாங்காங்கின் ‘தொழில்வாரித் தொகுதி’ ஏறத்தாழ அந்த ரகம். வழக்கறிஞர்களுக்கு ஒரு இடம், மருத்துவர்களுக்கு ஒரு இடம், வங்கிகளுக்கு ஒரு இடம். வித்தியாசம் என்னவென்றால், சில தொகுதிகளில் ஓட்டுப் போடுவது மனிதர்கள் அல்ல, நிறுவனங்கள்.

‘மற்ற காலனிகளுக்குக் கொடுத்தார்களே, இதற்கு ஏன் கொடுக்கவில்லை?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். இலங்கைக்கு 1931-லேயே டொனமூர் அரசியலமைப்பின் கீழ் வயதுவந்தோர் எல்லாருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. ஹாங்காங் சட்டமன்றத்தில் 1985 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு உறுப்பினர்கூடக் கிடையாது. 1946-ல் ஆளுநர் மார்க் யங் ஒரு நகர மன்றத் திட்டம் போட்டார், 1952-ல் அதைக் கைவிட்டார்கள். சீனா பக்கத்தில் இருந்தது என்பது பாதிப் பதில்தான். நிலவுரிமையைப் பார்த்தால்தான் மீதி புரியும். ஹாங்காங் தீவு 1842-லும் கவுலூன் 1860-லும் நிரந்தரமாகப் பெறப்பட்டவை. ஆனால் மொத்த நிலப்பரப்பில் பெரும்பகுதியான புதிய பிரதேசங்கள் 1898 ஜூலை 1 முதல் 99 வருடக் குத்தகை. 1972-ல் சீனாவின் கோரிக்கைப்படி ஐ.நா.வின் காலனிப் பட்டியலிலிருந்து ஹாங்காங் நீக்கப்பட்டது. அதனால் தேர்தல், பிறகு சுதந்திரம் என்ற வழக்கமான பாதை இங்கே அடைபட்டுவிட்டது. இன்னொரு சங்கதி பலருக்கும் தெரியாது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை பிரிட்டன் 1976-ல் ஏற்றபோது, ஹாங்காங்கில் சட்டமன்றத்தைத் தேர்தல் மூலம் அமைக்க வேண்டிய கட்டாயம் தனக்கில்லை என்று ஒரு விலக்கு எழுதி வைத்துக்கொண்டது. அந்த விலக்குப் பத்தியைக் கண்ட அன்றுதான் என் முதல் வரைவைக் கிழித்தேன்.

அடுத்த பொறி, ‘முதல் தேர்தல்’ என்ற சொல். மூன்று முதல் தேர்தல்கள் உண்டு. 1985 செப்டம்பர் 26-ல் நடந்தது முதல் மறைமுகத் தேர்தல்: 24 இடங்கள், பாதி தொழில்வாரித் தொகுதிகளுக்கு, பாதி மாவட்டக் குழுக்களும் நகர மன்றங்களும் சேர்ந்த ஒரு வாக்காளர் அவைக்கு. 1991 செப்டம்பர் 15-ல் நடந்தது முதல் நேரடித் தேர்தல். 1995 செப்டம்பர் 17-ல்தான் 60 இடங்களும் ஏதோ ஒரு வகைத் தேர்தலால் நிரம்பின. ஒரு கட்டுரையில் ‘ஹாங்காங்கின் முதல் தேர்தல்’ என்று பார்த்தால், ஆண்டைச் சரிபார்க்காமல் மேற்கோள் காட்டாதீர்கள்.

1985-க்கும் 1991-க்கும் நடுவே உள்ள 1987-ஐப் பெரும்பாலானோர் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகவும் கசந்த இடம் அதுதான். 1985 நவம்பரிலேயே, ஹாங்காங்கில் சீனாவின் பிரதிநிதியாக இருந்த சூ ஜியாதுன், சிலர் ஒப்பந்த நூலைப் பார்த்து நடக்கவில்லை என்று வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். 1988-ல் நேரடித் தேர்தல் வைக்கலாமா என்று 1987-ல் அரசு மக்களிடம் கருத்துக் கேட்டது. அதை எண்ணிய முறையைப் பாருங்கள். தேர்தல் வேண்டும் என்று 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்து இயக்கங்களில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவை ‘கையெழுத்து இயக்கம்’ என்று தனியாக ஒதுக்கப்பட்டன, தனி மனுக்களாக எண்ணப்படவில்லை. வேண்டாம் என்று அச்சடித்த படிவத்தில் வந்த கடிதங்களோ ஒவ்வொன்றும் ஒரு மனுவாக எண்ணப்பட்டன. முடிவு, ‘மக்கள் கருத்து பிளவுபட்டிருக்கிறது’. 1988 பிப்ரவரி வெள்ளை அறிக்கை நேரடித் தேர்தலை 1991-க்குத் தள்ளிப்போட்டது. கருத்துக் கணக்கெடுப்பு எதைப் பார்த்தாலும் மொத்தத்தைப் படிக்குமுன் எது ஒரு அலகு என்று பாருங்கள். எனக்கு அந்தப் பழக்கம் இந்த இடத்தில்தான் வந்தது.

பிறகு 1989 ஜூன் 4, பெய்ஜிங்கின் தியானென்மென் படுகொலை. 1997-க்குப் பிந்தைய ஹாங்காங்கின் அரசியலமைப்பு போன்றது அடிப்படைச் சட்டம்; அதை எழுத சீனா வைத்த வரைவுக் குழுவில் இருந்த ஹாங்காங் ஜனநாயகத் தலைவர்கள் மார்ட்டின் லீயும் செட்டோ வாவும் அத்தோடு வெளியே. ஹாங்காங்கில் பயம், லண்டனுக்கு நெருக்கடி. 1990 ஜனவரி, பிப்ரவரியில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்டும் சீன வெளியுறவு அமைச்சர் சியான் சிச்சென்னும் ரகசியமாகக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஏழு கடிதங்கள். 1991-ல் 18 நேரடி இடம், 1997-ல் 20 என்று பேரம் முடிந்தது. 1995 தேர்தல் குழுவில் வணிகம், தொழில்முறையாளர், உழைப்பாளர், அரசியல் என்ற நான்கு துறைகளுக்கும் தலா கால் பங்கு என்ற சீன யோசனையையும் ஹர்ட் கொள்கையளவில் ஏற்றார். 1990 ஏப்ரல் 4-ல் அடிப்படைச் சட்டம் நிறைவேறியது: முதல் சட்டமன்றத்தில் நேரடி 20, தேர்தல் குழு 10, தொழில்வாரி 30. அன்றே இன்னொரு தீர்மானம். 1995-ல் தேர்ந்தெடுக்கப்படும் அவையின் அமைப்பு இதற்கு ஒத்திருந்தால், நிபந்தனைகளை நிறைவேற்றும் உறுப்பினர்கள் 1997-ஐத் தாண்டி அப்படியே தொடரலாம். இதைத்தான் அங்கே ‘நேர் ரயில்’ என்றார்கள். எல்லையில் இறங்கி மாறாமல் கவுலூனிலிருந்து குவாங்சோவுக்குப் போகும் ரயிலை வைத்துச் சொன்னது. கடிதங்களை 1992 அக்டோபரில்தான் வெளியிட்டார்கள். ஆக, 1990-க்கும் 1992-க்கும் இடையில் எழுதப்பட்ட எந்த அலசலுக்கும் இந்தக் கடிதங்கள் தெரியாது. புத்தகம் வாங்கும்போது பதிப்பாண்டைப் பாருங்கள். நான் வாங்கியவற்றில் இரண்டு இந்த இடைவெளியில் வந்தவை. காசு தண்டம்.

1991 தேர்தலில் 18 நேரடி இடங்களில் 12-ஐ மார்ட்டின் லீயின் ஐக்கிய ஜனநாயகவாதிகள் கட்சி அள்ளியது. வாக்குப்பதிவு 39 சதவீதம்தான். ஒன்பது தொகுதிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு இடம், வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. ஒரு பிரபலமானவரோடு தெரியாத கூட்டாளியும் சேர்ந்து கரையேறிவிடலாம். பெய்ஜிங்குக்கு இந்த முறை ஏன் உறுத்தியது என்பது இதிலேயே தெரியும். அதே சமயம் அவையில் ஆளுநர் நியமித்தவர்களும் அதிகாரிகளும் இன்னும் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

1992 ஜூலையில் ஆளுநராக வந்த கிறிஸ் பேட்டன் அக்டோபர் 7 உரையில் செய்ததை விளக்குவதில்தான் என் இரண்டாவது வரைவு தடம் புரண்டது. அவர் 20-10-30 என்ற எண்களைத் தொடவே இல்லை. எண்ணுக்குள் இருந்த ஆட்களை மாற்றினார். வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18. ஒரு தொகுதிக்கு ஒரு இடம், ஒருவருக்கு ஒரு ஓட்டு. நிறுவன ஓட்டுக்குப் பதில் அங்கே வேலை செய்யும் மனிதர்களின் ஓட்டு. ஒன்பது புதிய தொழில்வாரித் தொகுதிகளை உற்பத்தி, சில்லறை வணிகம், போக்குவரத்து, விடுதி–உணவகம் என்று பரப்பி, 27 லட்சம் உழைப்பாளிகளையும் உள்ளே கொண்டுவந்தார். அதாவது, சலுகைத் தொகுதி என்று இருந்தது கிட்டத்தட்ட எல்லாருக்கும் இரண்டாவது ஓட்டாக மாறியது. தேர்தல் குழுவுக்கு, மக்கள் தேர்ந்தெடுத்த மாவட்டக் குழு உறுப்பினர்களே போதும் என்றார். அடிப்படைச் சட்டத்தில் இதற்கெல்லாம் தடை எழுதியிருக்கிறதா என்றால், தொழில்வாரித் தொகுதி விஷயத்தில் இல்லை. தேர்தல் குழு விஷயத்தில் ஹர்ட் எழுதிய கடிதம் குறுக்கே நிற்கிறது. சீனா மூன்று மீறல்கள் என்று குற்றம் சாட்டியது: கூட்டறிக்கை மீறல், அடிப்படைச் சட்ட மீறல், கடிதங்களின் மீறல். மூன்றையும் ஒரே மூட்டையாக எடுத்து ஏற்கவோ மறுக்கவோ செய்யாதீர்கள். என் பார்வையில் முதல் குற்றச்சாட்டு பலவீனம், இரண்டாவதில் எழுத்துப்படி பேட்டன் பக்கம் நியாயம், மூன்றாவதில் சீனாவின் வாதத்துக்கு வலு உண்டு. சீனாவின் ஹாங்காங், மக்காவ் விவகார அலுவலகத்தின் தலைவர் லூ பிங், பேட்டனை ஆயிரம் காலத்துக்கும் பாவி என்று சாடியது 1993 மார்ச்சில். 1993 ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை 17 சுற்றுப் பேச்சு நடந்து ஒன்றும் ஒட்டவில்லை.

மசோதா இரண்டாக உடைக்கப்பட்டது. வயது, ஒற்றை ஓட்டு போன்ற எளிய பகுதி 1994 பிப்ரவரியில் நிறைவேறியது. சர்ச்சைக்குரிய பகுதி ஜூன் 29 பகலில் தொடங்கி விடிய விடிய நடந்தது. சீர்திருத்தத்தின் பல்லைப் பிடுங்கும் லிபரல் கட்சியின் திருத்தம் 28-க்கு 29 என்று ஒரு ஓட்டில் தோற்றது. மசோதா 32-க்கு 24 என்று நிறைவேறியது. 60 இடங்களுக்கும் நேரடித் தேர்தல் கேட்ட எமிலி லாவின் தனிநபர் மசோதாவும் 20-க்கு 21 என்று ஒரே ஓட்டில் வீழ்ந்தது. இந்தக் கடைசி எண் பல சுருக்க வரலாறுகளில் இருக்காது. வாதம் பெய்ஜிங்குக்கும் ஆளுநருக்கும் மட்டும் இடையில் நடந்தது போல எழுதுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு ஓட்டை எழுதினால்தான், உள்ளூரிலேயே பேட்டனைக் கஞ்சன் என்று நினைத்தவர்களும் பைத்தியக்காரன் என்று நினைத்தவர்களும் ஏறத்தாழ சமபலத்தில் இருந்தது தெரியும்.

சீனா ரயிலை நிறுத்தியது. 1994 ஆகஸ்ட் 31-ல் தேசிய மக்கள் பேரவையின் நிலைக்குழு, ஹாங்காங்கின் சட்டமன்றம், நகர மன்றங்கள், மாவட்டக் குழுக்கள் எல்லாம் 1997 ஜூன் 30-ஓடு முடியும் என்று தீர்மானித்தது. இதற்குச் சீனர்கள் பயன்படுத்திய தொடரின் பொருள், ‘வேறு அடுப்பு மூட்டுவது’. மொழிபெயர்ப்பில் இந்தத் தொடரை என்னென்னவோ செய்திருக்கிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. கூட்டுக் குடும்பத்தில் மனக்கசப்பு முற்றித் தனி அடுப்பு வைப்பது என்றால் எந்தத் தமிழ் வீட்டிலும் புரியும், அதன் கோபம் உட்பட. ‘இணை அமைப்பு உருவாக்கம்’ என்று எழுதி அதைக் கொன்றுவிடாதீர்கள்.

1995 தேர்தலில் மார்ட்டின் லீயின் ஜனநாயகக் கட்சிக்கு மொத்தம் 19 இடம், அதில் நேரடி இடம் 12. அதற்குள் தனி அடுப்பில் விறகு அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். 1996 மார்ச் 24-ல், ஒப்படைப்புக்காகச் சீனா அமைத்த தயாரிப்புக் குழு தற்காலிகச் சட்டமன்றம் அமைக்கத் தீர்மானித்தபோது ஃபிரெடெரிக் ஃபங் ஒருவர் மட்டும் எதிர்த்து ஓட்டுப் போட்டார். டிசம்பர் 11-ல் தெரிவுக் குழுவின் 400 பேரில் 320 பேர் டங் சீ-ஹ்வாவை முதல் ஆட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 21-ஆம் தேதி அதே 400 பேர் எல்லைக்கு அப்பால் ஷென்சென்னில் கூடி 60 தற்காலிக உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த 60-ல் 33 பேர் நடப்புச் சட்டமன்றத்திலேயே இருந்தவர்கள்! 1997 ஜனவரி முதல் ஜூன் வரை இரண்டு அவைகள், இரண்டுக்கும் பொதுவான 33 முகங்கள். வார நாட்களில் ஹாங்காங்கில் ஒரு அவை, சனிக்கிழமைகளில் எல்லை தாண்டி இன்னொன்று. தற்காலிக அவையைப் பற்றி அடிப்படைச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. ஆனால் 1997 ஜூலை 29-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லும் என்றது. இந்தத் தீர்ப்பை விட்டுவிட்டு அவை சட்டவிரோதம் என்று முடித்தால், விவரம் தெரிந்த வாசகர் அங்கேயே உங்களை விட்டுவிடுவார்.

எண்ணும் முறைக்குக் கடைசியாக வருகிறேன், என் நேரத்தை அதிகம் தின்றது அதுதான். தற்காலிக அவை நேரடித் தொகுதிகளைப் பெரிதாக்கி விகிதாசாரப் பட்டியல் முறையைக் கொண்டுவந்தது. கேட்க நியாயமாக இருக்கும், விளைவைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 5 இடங்கள், 1,00,000 ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு இடத்தின் விலை 20,000. ‘அ’ பட்டியலுக்கு 58,000, ‘ஆ’ 30,000, ‘இ’ 12,000. முழு விலை கொடுத்து ‘அ’ 2, ‘ஆ’ 1 வாங்கிவிட்டன. மிச்சம் இரண்டு இடம். மீதி ஓட்டு ‘அ’-வுக்கு 18,000, ‘இ’-க்கு 12,000, ‘ஆ’-வுக்கு 10,000. மிச்சமிரண்டும் ‘அ’-வுக்கும் ‘இ’-க்கும் போகும். முடிவு 3-1-1. இதே ஓட்டு ஐந்து ஒற்றைத் தொகுதிகளிலும் ஒரே விகிதத்தில் விழுந்திருந்தால் ‘அ’ ஐந்தையும் எடுத்திருக்கும். அதோடு நிறுவன ஓட்டு திரும்பி வந்தது, 27 லட்சம் பேருக்குத் திறந்த தொழில்வாரித் தொகுதிகள் சுமார் 1,40,000 பதிவு வாக்காளர்களுக்குச் சுருங்கின. 1998 மே 24 அன்று கொட்டும் மழையில் 53 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள், அதுவரை இல்லாத கூட்டம். ஜனநாயகத் தரப்புக்கு நேரடி ஓட்டில் 60 சதவீதத்துக்கு மேல், மொத்த அவையில் மூன்றில் ஒரு பங்கு இடம். உறுப்பினர்கள் கொண்டுவரும் தீர்மானங்களுக்கு, தொழில்வாரி உறுப்பினர்கள் ஒரு பிரிவு, மற்றவர்கள் இன்னொரு பிரிவு என்று இரு பிரிவிலும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும் என்ற விதியும் இருந்ததால், தொழில்வாரி 30 பேரில் பாதி மறுத்தாலே போதும், அது விழுந்துவிடும். அரசின் மசோதாவுக்கு அந்த இரட்டைக் கதவு இல்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும்.

கடைசியில் எனக்கு உதவியது ஒரு நோட்டுப் புத்தகமும் ஐந்து பத்தியும்தான்: ஆண்டு, இட வகை, எத்தனை இடம், யார் வாக்காளர், எப்படி எண்ணுவது. 1985, 1991, 1995, 1998 என்று வரிசையாக நிரப்பினால் மூன்றாவது பத்தி மெல்ல மெல்ல நகரும், நான்காவது மட்டும் விரிந்து பிறகு சுருங்கும். அதை முதல் வாரமே போட்டிருந்தால் இரண்டு வரைவும் 11,000 ரூபாயில் பாதியும் மிஞ்சியிருக்கும். 2021 திருத்தத்துக்கும் அதே ஐந்து பத்தி போதும்: மொத்தம் 90, தேர்தல் குழுவுக்கு 40, தொழில்வாரி 30, நேரடி 20. ஹர்டும் சியானும் கடிதத்தில் பேசி முடித்த அதே 20.